ஆஃபென்சிவ் லைனை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் தரையில் விழுந்த அடுத்த நொடியே தீர்ப்பு வந்துவிடும்: அவருக்கு முன்னால் நின்று காக்கும் ஆஃபென்சிவ் லைன் சரியில்லை. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை இரண்டு யார்டில் மடக்கிவிட்டாலும் அதே தீர்ப்புதான். ஆனால் அதே ஆள் அடுத்த முறை 60 யார்டு ஓடிவிட்டால் பாராட்டு முழுக்க அவருக்கு. ஒரு சென்டர், இரண்டு கார்ட், இரண்டு டேக்கிள் என்று ஐந்து பேர் ஆட்டம் முழுக்க ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் (சென்டர் பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) முட்டி மோதுகிறார்கள், ஆட்டம் முடிந்து வரும் புள்ளிவிவரத் தாளில் அவர்கள் பெயருக்கு எதிரே எதுவும் இருக்காது. அதனால் மற்றவர்களின் எண்களை எடுத்து இவர்கள் தலையில் கட்டிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் சாக் கணக்கு, அதாவது பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை எதிரணி பிடித்து வீழ்த்துவது. 2023இல் கொலராடோவின் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் ஆடிய 11 ஆட்டங்களில் 52 முறை சாக் ஆனார். அந்த லைன் பலவீனமான லைன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் 52ஐயும் லைன் பேரில் எழுதுவது நியாயம் இல்லை, ஏனென்றால் அவர் பெரிய பாஸ் ஒன்று திறக்கும் என்று பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டே போகும் பழக்கம் உள்ளவர். ஸ்நாப் ஆகி இரண்டு நொடிக்குள் டேக்கிள் தோற்றுப்போய் விழுந்த சாக் லைனுடையது, சரி. நாலு நொடி காத்து நின்றும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர்கூட எதிரணி ஆளிடமிருந்து விலகித் திறக்காமல் விழுந்த சாக் எப்படி லைனுடையதாகும்? அப்புறம் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதே இல்லை: பாதுகாக்க ஐந்து பேர்தான் நிற்கிறார்கள், எதிரணி ஆறு பேரை அனுப்புகிறது. கணக்குப்படி ஒருவன் தடையில்லாமல் வந்தே தீருவான். அவனைப் பார்த்ததும் பந்தை உடனே வீசிவிட வேண்டிய பொறுப்பு குவார்ட்டர்பேக்குடையது. சில ஆட்டங்களில் அவனைத் தடுக்க வேண்டியது ரன்னிங் பேக்கின் வேலையாக இருந்திருக்கும், அவர் தப்பான பக்கம் பார்த்திருப்பார். டிவியில் பார்க்கிறவர்களுக்கு கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே ஒருவன் சும்மா நுழைந்து வந்ததுதான் தெரியும், அந்த இரண்டு பேருக்கும் திட்டு விழும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று 2019இன் எல்.எஸ்.யு (லூசியானா ஸ்டேட்) அணி. அதன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் (கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) வீசிய வருடம், 15 ஆட்டம், 15 வெற்றி. அந்த வருடமும் அவர் 30 முறைக்கு மேல் சாக் ஆனார். சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் அந்த லைன் சாதாரண லைனாகத்தான் தெரியும். ஆனால் நாட்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கு 2015இலிருந்து தருகிற ஜோ மூர் விருது அந்த வருடம் அவர்களுக்குத்தான் போனது. அந்த அணி அடிக்கடி பந்து பிடிக்கத் தகுதியுள்ள ஐந்து பேரையும் பாஸ் வாங்க வெளியே அனுப்பிவிட்டு, வெறும் ஐந்து லைன்மேன்களை மட்டும் நம்பி நின்ற அணி. அப்படி ஆடும்போது சில சாக் விழத்தான் செய்யும், அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன என்பது ஸ்கோரில் இருக்கிறது. அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மொத்தம் எத்தனை முறை பாஸுக்குப் பின்வாங்கினார்கள், அதில் எத்தனை முறை விழுந்தார்கள் என்ற விகிதத்தைப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் 20 பாஸ் வீசுகிற அணியையும் 50 பாஸ் வீசுகிற அணியையும் ஒரே எண்ணால் ஒப்பிட முடியாது. சாக் குறைவாக இருக்கிற அணியிலும் குவார்ட்டர்பேக் ஒன்றரை நொடியில் பக்கவாட்டில் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த லைன் சோதிக்கப்படவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்தது நீங்கள் என்.எஃப்.எல் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) பார்த்துப் பழகியவர் என்றால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும் இடம். என்.எஃப்.எல்லில் சாக்கில் இழக்கிற யார்டுகளை அணியின் பாஸிங் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் ரஷ்ஷிங், அதாவது ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், அதோடு ஒவ்வொரு சாக்கும் ஒரு ரஷ்ஷாகவும் எண்ணப்படும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: ரன்னிங் பேக்குகள் 25 முறை ஓடி 110 யார்டு எடுக்கிறார்கள், அதாவது ஓட்டத்துக்கு 4.4, மோசமே இல்லை. குவார்ட்டர்பேக் 5 முறை சாக் ஆகி 35 யார்டு இழக்கிறார். தாளில் என்ன வரும் தெரியுமா? 30 ஓட்டம், 75 யார்டு, சராசரி 2.5. இதைப் பார்த்துவிட்டு "ரன் பிளாக்கிங் படுமோசம்" என்று சொல்வது இல்லாத ஒரு நோய்க்கு மருந்து எழுதுவது. 2023 கொலராடோ ரஷ்ஷிங்கில் ஆட்டத்துக்கு 70 யார்டுகூட எடுக்காமல் நாட்டிலேயே கடைசியில் நின்றது, அவர்கள் ஓடியதும் மோசம்தான், ஆனால் அந்த எண்ணை அவ்வளவு கீழே இழுத்ததில் சாக்குகளுக்குப் பெரிய பங்கு. எந்தக் கல்லூரி அணியின் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் சாக்கை வெளியே எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள், இரண்டே நிமிட வேலை.

சாக்கை எடுத்த பிறகும் சராசரி ஏமாற்றும். ஒரு 70 யார்டு ஓட்டம் மொத்த ஆட்டத்தின் சராசரியையும் தூக்கிவிடும். அதில் லைனின் பங்கு முதல் சில யார்டுதான், மிச்சம் அந்த ஓட்டக்காரரின் கால். இதைப் பிரிப்பதற்கு ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் என்ற ஆய்வுக் குழு என்.எஃப்.எல்லுக்காக ஒரு முறை வைத்தது, கல்லூரி ஆட்டத்துக்கும் பிறகு அதே யோசனை வந்தது. பின்னோக்கிப் போன யார்டுக்கு 120 சதவீதப் பொறுப்பு லைனுக்கு, 0 முதல் 4 யார்டு வரை முழுப் பங்கு, 5 முதல் 10 வரை பாதி, அதற்கு மேல் எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் அந்த 70 யார்டு ஓட்டத்தில் லைனுக்குச் சேருவது 7 யார்டுதான். இது துல்லியமான அளவு இல்லை, நல்ல ஓட்டக்காரர் மோசமான லைனையும் கொஞ்சம் மறைப்பார், ஆனால் வெறும் சராசரியைவிட எவ்வளவோ மேல். கையால் கணக்குப் போடுகிறவர்கள் எத்தனை ஓட்டம் பூஜ்யத்திலோ அதற்குக் கீழேயோ நின்றது, மூன்றாவது டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நாலு வாய்ப்புகளில் மூன்றாவது) ஒரு யார்டு வேண்டும் என்ற நிலையில் எத்தனை முறை எடுத்தார்கள் என்று இரண்டை மட்டும் எண்ணினால்கூடப் போதும்.

எண்ணைவிடப் பெரிய தவறு கண்ணில் இருக்கிறது. எல்லாரும் பந்தைப் பார்க்கிறோம். பந்தைப் பார்த்தால் லைனில் தெரிவது கடைசியில் நடந்த விபத்து மட்டும்தான், அது எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் என்ன வேலை கொடுத்தார்கள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. ரீட் ஆப்ஷன் ஆட்டத்தில் கடைசியில் நிற்கும் டிஃபென்டரை வேண்டுமென்றேதான் தடுக்காமல் விடுவார்கள், அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்துத்தான் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிறார். அவன் ஓடிவந்து பிடித்துவிட்டால் "டேக்கிள் ஆளை விட்டுட்டான்" என்று கத்துகிறோம், தப்பாகப் படித்தது குவார்ட்டர்பேக். ஓட்டமா பாஸா என்று குவார்ட்டர்பேக் ஸ்நாப்புக்குப் பிறகு முடிவெடுக்கும் ரன்-பாஸ் ஆப்ஷனிலும் இதே குழப்பம். கல்லூரி விதிப்படி பாஸ் வீசும் முன் லைன்மேன் 3 யார்டு வரை முன்னால் போகலாம், என்.எஃப்.எல்லில் 1 யார்டுதான். அதனால் கல்லூரியில் லைன் முழுக்க ஓட்டத்துக்காக முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பந்து பாஸாகப் போகும். அந்த நேரத்தில் ஒருவன் குவார்ட்டர்பேக்கை இடித்தால் அதைப் பாஸ் பாதுகாப்பின் தோல்வி என்று எழுதக் கூடாது. ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் மாதிரி நிறுவனங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தரும் மதிப்பெண்கள் உதவும்தான், ஆனால் அவர்களும் வெளியிலிருந்து படம் பார்த்துத்தான் போடுகிறார்கள், கோச் என்ன சொல்லி அனுப்பினார் என்பது அவர்களுக்கும் யூகம். 61 வாங்கியவர் 58 வாங்கியவரைவிடச் சிறந்தவர் என்று சண்டை போடுவது வீண்.

லைனின் இடது விளிம்பில் நிற்கும் லெஃப்ட் டேக்கிளை மட்டும் பார்ப்பதும் அப்படித்தான். விளிம்பில் நடப்பது கேமராவில் நன்றாகத் தெரிகிறது, அதனால் எல்லாப் பேச்சும் அங்கே. குவார்ட்டர்பேக் முன்னால் ஒரு அடி வைக்க முடியாமல் போவது பெரும்பாலும் நடுவிலிருந்து வரும் நெருக்கடியால். கபடியில் கை கோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் அரை அடி முந்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். எதிரணி ஆட்கள் குறுக்கே இடம் மாறி வரும்போது கார்டும் டேக்கிளும் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும், ஒருவர் மாற்றி இன்னொருவர் மாற்றாமல் நின்றால் இரண்டு பேரும் ஒரே ஆளைத் தடுத்துக்கொண்டிருப்பார்கள். இதை ஐந்து பேரும் சேர்ந்து ஆடி ஆடித்தான் கற்க முடியும். அதனால்தான் ஒருவர் காயம் என்றால் ஒரு இடம் மட்டும் போகாது. 2023இல் மிச்சிகனின் கார்ட் ஸாக் ஸின்டர் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராகக் கால் முறிந்து வெளியேறினார், ரைட் டேக்கிளாக ஆடியவர் கார்டுக்கு நகர்ந்தார், டேக்கிளுக்கு வேறொருவர் வந்தார், அடுத்த ஸ்நாப்பிலேயே ரன்னிங் பேக் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அப்படி ஒரு மாற்று வரிசையைத் தயாராக வைத்திருப்பதும் லைனின் தரத்தில் சேர்த்தி, அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

கல்லூரியில் சேரும்போது பள்ளி ஆட்டத்தை வைத்துத் தந்த நட்சத்திர மதிப்பீட்டை வைத்துப் பேசுவதை விட்டுவிடலாம். 18 வயதில் இருக்கும் உடம்பு 21 வயதில் இருக்காது, லைனில் இது மற்ற எந்த இடத்தையும்விட அதிகம். அயோவாவின் டைலர் லிண்டர்பாம் டிஃபென்சிவ் லைன்மேனாகச் சேர்ந்தவர், சென்டராக மாறி 2021இல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வாங்கினார். 2024இன் ஜோ மூர் விருது ஆர்மி அணிக்குப் போனது, பெரிய நட்சத்திரங்கள் யாரும் போகாத ராணுவக் கல்லூரி, பெரும்பாலும் ஓட்டத்தை மட்டும் நம்பி ஆட்டத்துக்குச் சுமார் 300 யார்டு எடுத்த அணி. எனக்கு அந்தத் தேர்வு மிகவும் பிடித்திருந்தது.

எதிரணி யார், ஸ்கோர் என்ன என்று பார்க்காமல் பேசுவதும் பரவலான தவறு. செப்டம்பரில் சின்ன அணியை 56-7 என்று அடித்ததில் லைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதேபோல 20 புள்ளி பின்தங்கி, பாஸ் மட்டும்தான் வரும் என்று ஊருக்கே தெரிந்த நான்காவது குவார்ட்டரில் விழுந்த சாக்குகளையும் தனியே வையுங்கள். மூன்றாவது டவுனில் 12 யார்டு வேண்டும் என்ற நிலைக்கு அணி அடிக்கடி போகிறது என்றால், அங்கே விழும் சாக்குக்கு முதல் டவுனில் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவரும் காரணம்.

ஒரே ஆட்டத்தை வைத்து ஆளைத் தீர்த்துக்கட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், இவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறோம். 2024 ஜனவரி 1 அன்று சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றின் ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனிடம் அலபாமா தோற்றபோது, ஸ்நாப்புகள் தாறுமாறாகப் போனதற்காக சென்டர் சேத் மெக்லாக்லின் மீது விழுந்த வசவு கொஞ்சமல்ல. அவர் ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறிப் போனார். அதே 2024 சீசனில் ரிமிங்டன் விருது அவருக்குத்தான். நவம்பரில் அவருக்குக் காயம், அதற்கு முன்பே லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கும் காயம், லெஃப்ட் கார்டாக இருந்த டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அந்த ஒட்டுப்போட்ட லைனோடு ஒஹையோ ஸ்டேட் நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது, ஓட்டமே எடுபடவில்லை, இந்த லைனை வைத்துக்கொண்டு பிளேஆஃப்பில் ஒன்றும் முடியாது என்று எல்லாரும் எழுதினார்கள். பிளேஆஃப்பில் டென்னசிக்கு எதிராக 42, ஓரிகனுக்கு எதிராக 41, டெக்சாஸுக்கு எதிராக 28, கடைசியில் நோட்ர டேமுக்கு எதிராக 34 புள்ளி எடுத்து அதே லைன் சாம்பியன் ஆனது.

அடுத்த ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்துப் பாருங்கள். முழு ஆட்டம் வேண்டாம், இரண்டாவது குவார்ட்டரில் ஒரு டிரைவ் (ஒரு அணி தொடர்ந்து பந்தை வைத்து ஆடும் நேரம்) போதும், அப்போது ஸ்கோர் பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும். முதல் தடவை சென்டரையும் இரண்டு கார்டையும் மட்டும், பந்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல். மோதிய பிறகு கால்கள் முன்னால் போகின்றனவா, நின்ற இடத்திலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது தடவை டேக்கிள்கள். மூன்றாவது தடவை குவார்ட்டர்பேக்கை வைத்து, ஸ்நாப்பிலிருந்து வாய்விட்டு நொடி எண்ணுங்கள்.