திண்டுக்கல், சிறுமலை வர்றவங்க பண்ற தப்புங்க (எல்லாம் நானும் பண்ணதுதான்)

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பையன் குடும்பத்தோட திண்டுக்கல் வந்திருந்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு சிறுமலைல இருந்து இறங்கிட்டே போன் பண்ணி "அண்ணே, பூட்டுக் கடையெல்லாம் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்"ங்கறான். எனக்கு சுருக்குன்னுச்சு. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்ட அதே கேள்வி. நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன், அதனால எல்லா தப்பையும் மாமனார் வீட்டு ஆளுங்க முன்னாடியே பண்ணியிருக்கேன். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, சீக்கிரம் கெளம்புங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

மலைய முடிச்சுட்டு வந்து பூட்டு வாங்கிக்கலாம்னு நெனைக்கறது

இதுதான் பெரிய தப்பு. இன்னமும் நெனச்சா கடுப்பாகும்.

கல்யாணம் ஆன புதுசு. மாமாவோட வெங்காய குடோனுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிக் குடுத்து அசத்திடலாம்னு பிளான். திண்டுக்கல்காரருக்கே திண்டுக்கல் பூட்டு, எவ்வளவு தெனாவட்டு பாருங்க. பகல் பூரா சிறுமலைல சுத்திட்டு, 18 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மச்சினன் பையன் ரெண்டு தடவ வாந்தி எடுத்து, தலைவலியோட டவுனுக்குள்ள நுழையும்போது மணி ஏழரை. கண்ணுல பட்ட முதல் கடைல நிறுத்தினேன். பளபளன்னு பித்தள கலர்ல ஒண்ணு, கைல வச்சா கனமா இருந்துச்சு, 1,800 ரூபா. "திண்டுக்கல் பூட்டுதானே"ன்னு கேட்டேன். "திண்டுக்கல்ல வாங்குனா திண்டுக்கல் பூட்டுதான் சார்"னாரு. அந்த பதில்லயே நான் முழிச்சிருக்கணும்.

மூணு மாசத்துல குடோன் பையன் சாவிய தொலச்சுட்டான். ரோட்டோரம் சாவி போடறவர் ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, ஒரு கம்பிய விட்டு ஆட்டுனாரு, நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள தொறந்துடுச்சு. மாமா பூட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு "மாப்ள, நீங்க திண்டுக்கல்லுக்கு வந்தீங்க சரி, இந்த பூட்டும் உங்கள மாதிரி வெளியூர்ல இருந்து வந்ததுதான் போல"ன்னாரு. உத்தரப் பிரதேசத்து அலிகார் சரக்கு. மிஷின்ல அடிச்சு வர்றது, வெல கம்மி, இங்க கடைகள்ல அதுதான் நெறைய தொங்குது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சது, ஆனா அதனால கடைல தொங்கறதெல்லாம் கைல செஞ்சதுன்னு ஆயிடாது.

மறுநாள் காலைல மாமாவே நாகல் நகர் பக்கம் ஒரு பட்டறைக்கு கூட்டிட்டு போனாரு. பட்டறைன்னா ஒரு சின்ன ரூம்தான். ஒரு பெரியவர், ஒரு வைஸு, ரெண்டு மூணு அரம், சுத்தியல், இரும்புத் தகடு, அவ்வளவுதான். மாங்கா பூட்டு ஒண்ணு மூடி அடிக்காம தொறந்து கெடந்துச்சு, உள்ள லீவர் (சாவி திருப்புனா நகர்ற தகடுங்க) ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி. சாவிய ராவுவாரு, உள்ள விட்டு திருப்புவாரு, காது கிட்ட வச்சு கேப்பாரு, வெளிய எடுத்து இன்னும் ரெண்டு இழுப்பு இழுப்பாரு. ஒரே மாதிரி தெரியற ரெண்டு பூட்ட எடுத்து சாவிய மாத்திப் போட சொன்னாரு, அசையவே இல்ல. ஒவ்வொரு பூட்டோட லீவரும் அதோட சாவிக்கு ஏத்த மாதிரி தனித்தனியா கைல வெட்டறது. நான் வாங்குனத காட்டலாமான்னு மாமா கேட்டாரு, வேணாம்னுட்டேன்.

அதனால பூட்டுக்கு காலைல போங்க, மனசு நிதானமா இருக்கும்போது. எத்தன லீவர்னு கேளுங்க, சாவில அரம் போட்ட கோடு தெரியுதான்னு பாருங்க, முடிஞ்சா மூடாத பூட்ட காட்ட சொல்லுங்க. செய்யறவங்க கொஞ்ச பேர்தான் மிச்சம், ஆர்டர் குடுத்தா நாள் ஆகும், அப்புறம் கூரியர் போட சொல்லிக்கலாம். அலிகார் வெலைய சொல்லி பேரம் பேசாதீங்க, அந்த மனுஷன் முகத்த பாத்துட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல கோக்காதீங்க. சிரிக்காதீங்க, நெறைய பேர் கோக்கறாங்க.

அப்படியே கொடைக்கானலும் பாத்துடலாம்

முடியாது. சிறுமலை டவுன்ல இருந்து 25 கிலோமீட்டர் சுமாருக்கு, கொடைக்கானல் 90க்கு மேல, அதுல பாதி மலை ரோடு. ஐகோர்ட் உத்தரவால 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேற எடுக்கணும். சிறுமலைய கொடைக்கானல் மாதிரி நெனச்சும் வராதீங்க. போட்டிங், கடைத்தெருன்னு தேடினா ஏமாந்துடுவீங்க. காப்பி, மிளகு, பலா, எலுமிச்சைன்னு தோட்டம்தான், சும்மா நடக்கணும்.

அழகான வாழப்பழமா பாத்து வாங்கறது

மலை வாழப்பழம் குட்டியா இருக்கும், பழுக்க பழுக்க தோல் சுருங்கி கருத்துப் போகும். அழுகிடுச்சுன்னு நெனச்சு எங்க மச்சான் ஒரு சீப்பையே குரங்குக்கு போட்டாரு. உள்ள கெட்டியா இருக்கும், அப்பத்தான் நல்லா இனிக்கும். குரங்குக்கு தெரிஞ்சிருந்தது.

சின்னாளப்பட்டில புள்ளி இருந்தாலே சுங்குடி சேலைன்னு நம்பறது

கைல முடிச்சுப் போட்டு சாயம் போட்டதுன்னா புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, புதுசுல துணி அங்கங்க லேசா துருத்திட்டு நிக்கும். வரிசை பிசகாம தட்டையா இருந்தா அது பிரிண்ட். பிரிண்ட்டும் கட்டிக்க நல்லாத்தான் இருக்கும், பிரிண்ட் வெல குடுத்து வாங்குங்க.

மத்தியானம் மலைக்கோட்டை ஏறறது

மொட்டப் பாற. சுடும்.

எந்த கடைல பிரியாணின்னு என்கிட்ட கேக்கறது

மாமா ஒரு கடைய சொல்வாரு, மச்சான் இன்னொண்ண சொல்வாரு, அதுல ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் பேசிக்கல. நான் வாய தொறக்க மாட்டேன். சீரக சம்பாவான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஒரு மணிக்குள்ள போய் உக்காந்துடுங்க.