இருமுகிறவரின் கைகளையும் பாருங்கள்

இருமலுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு இன்னொருவர். இரண்டு ஃபைலும் ஒரே மேஜைக்கு வருவதே இல்லை. டெர்மட்டோமயோசைட்டிஸ் போன்ற அரிய நோய்கள் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையும் தசையையும் தாக்கும் நோய் இது. சிலருக்கு நுரையீரலையும் விடாது.

முதலில் கோட்டைவிடுவது கையில். கட்டைவிரலின் உள்பக்கமும், அதையொட்டிய ஆள்காட்டி விரலின் ஓரமும் தடித்து, செதில் செதிலாகி, அழுக்கேறியதுபோல் வெடிக்கும். 'மெக்கானிக் கை' என்றே மருத்துவத்தில் பெயர். பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு தடவியே மாதங்கள் ஓடிவிடும். ஸ்பானரே தொடாதவர் கை இப்படி வெடித்து, மாடி ஏறினால் மூச்சும் வாங்குகிறதென்றால் சோப்பை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள்.

விரல் முட்டிகளையும் கவனியுங்கள். இதேபோல் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயின் தடிப்பு பெரும்பாலும் முட்டிகளுக்கு இடைப்பட்ட தோலில் வரும். டெர்மட்டோமயோசைட்டிஸிலோ முட்டி மேலேயே வரும். கண் இமை ஊதாவாகும் என்று படிப்பதெல்லாம் வெள்ளைத் தோலுக்குச் சரி. நம் நிறத்தில் அது கரும்பழுப்பாக, தூக்கம் கெட்ட கண்போலத்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையில், எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ நெகட்டிவ், தசை நொதியான சிகே நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இந்த நோயில் சிலருக்கு உண்டு. இன்று ஆன்டி-எம்டிஏ5 என்கிறார்கள். அது உள்ளவர்களில் பலருக்குத் தசை பலவீனமே இருக்காது. விரல் முட்டியில் புண், உள்ளங்கையில் வலிக்கும் சிறு கட்டி, அவ்வளவுதான். ஆனால் நுரையீரல் சில வாரங்களிலேயே மோசமாகிவிடக்கூடும். இதற்கு, இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தேடும் ரத்தப் பரிசோதனையை மயோசைட்டிஸ் பேனல் என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

மார்பு எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் ஏமாற்றும். முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்கலாம். கேட்டால், நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்ஆர்சிடி ஸ்கேன்தான் பேசும்.

சளியில் கிருமி தெரியாமலே டிபி மருந்து ஓடுவதும் உண்டு. அதைவிட எனக்குப் பயம், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. ஐந்து நாளில் இருமல் அடங்கும், தடிப்பும் மங்கும். டாக்டரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் தடிப்பு தெரியும் அன்றே கையையும் இமையையும் பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து வையுங்கள். மூட்டு, தசை, எதிர்ப்புச் சக்தி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரிடம் போகும்போது அந்தப் படங்களோடு இரண்டு ஃபைலையும் எடுத்துப் போங்கள்.