ரிப்பர் வழக்கைத் துப்பறியக் கிளம்புகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

1888இல் லண்டன் வைட்சேப்பலில் நடந்த, ‘ஜாக் த ரிப்பர்’ என்று அழைக்கப்படும் அடையாளம் தெரியாத ஆளின் கொலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிற எவரும் மூன்றாவது வாரத்தில் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவார். நானும் கண்டுபிடித்தேன். என் ஆள், சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவரான மான்டேகு ட்ரூயிட். ஒரு நோட்டு முழுக்க அவருக்கு எதிராகக் குறிப்பெடுத்தேன். ஆளை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, வழக்கை அதன் பிறகு படித்ததுதான் நான் செய்த தவறு.

ட்ரூயிட்டின் பெயர் பரவியதற்குக் காரணம், 1894இல் மெல்வில் மக்னாட்டன் என்ற காவல்துறை அதிகாரி எழுதிய குறிப்பு. உயரதிகாரி எழுதியது என்றதும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. ஆனால் அவர் பணியில் சேர்ந்ததே 1889இல், அதாவது ஐந்தாவது கொலைக்குப் பிறகு. ட்ரூயிட்டை மருத்துவர் என்கிறார்; அவரோ பாரிஸ்டர், பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். அதே குறிப்பில் சந்தேக நபராக இடம்பெற்ற ஆஸ்ட்ரோக், கொலைகள் நடந்தபோது பிரான்சில் சிறையில் இருந்தவர். கொல்லப்பட்டவர்கள் ஐவர் மட்டுமே என்று அடித்துச் சொல்வதும் இந்தக் குறிப்புதான். காவல்துறைக் கோப்பில் இருப்பவை 11 கொலைகள்.

கொலையாளி எழுதியதாக வந்த கடிதங்களில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ‘ஜாக் த ரிப்பர்’ என்ற பெயரைத் தந்த கடிதமே பத்திரிகைக்காரர் ஒருவரின் கைவண்ணம் என்று அன்றைய அதிகாரிகள் சிலர் கருதினார்கள். அந்தக் கையெழுத்தை வைத்துக் குணாதிசயம் எழுதுகிறவர்கள் யாருடைய குணத்தை எழுதுகிறார்கள்?

மருத்துவர் சொன்ன நேரத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. கொல்லப்பட்டவர்களில் ஒருவரான ஆனி சாப்மனின் உடலைக் காலை 6.30 மணிக்குப் பார்த்த டாக்டர் பிலிப்ஸ், இறந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார். ஆனால் 4.45 மணி வாக்கில் அதே கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து தன் பூட்ஸில் உறுத்திய தோலைக் கத்தியால் சீவிய ஜான் ரிச்சர்ட்சன், அங்கே உடல் எதுவும் இல்லை என்றார். காலைக் குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிலிப்ஸே மரண விசாரணையில் சொல்லியிருக்கிறார். அந்த வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சறுக்கல் வேறொன்று. குடித்துவிட்டுப் பிடிபட்ட கேத்தரின் எடோஸ், காவல் நிலையத்தில் தன் பெயரை மேரி ஆன் கெல்லி என்று சொன்னார். அதிகாலை ஒரு மணிக்கு விடுவிக்கப்பட்டவரை 1.45 மணிக்கு மைட்டர் சதுக்கத்தில் பிணமாகக் கண்டார்கள். அடுத்து இறந்தவர் மேரி ஜேன் கெல்லி. உடனே ஒரு பெரும் சதிக்கதை பிறந்துவிடுகிறது. எடோஸ் ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவரின் பெயர் ஜான் கெல்லி. அந்த ஜானின் பூட்ஸை ‘ஜேன் கெல்லி’ என்ற பெயரில் அடகு வைத்த சீட்டு, உடலருகே கிடந்த கடுகு டப்பாவில் இருந்தது. வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னதில் என்ன மர்மம்?

எடோஸிடம் இருந்த பொருட்களின் பட்டியலை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். தேயிலை, சர்க்கரை, சோப்புத் துண்டு, ஒற்றைச் சிவப்புக் கையுறை வரை எழுதியிருக்கிறார்கள். எடோஸின் உடலருகே கிடந்ததாகச் சொல்லப்பட்டு, 2014இல் டிஎன்ஏ சோதனையால் புகழ்பெற்ற சால்வை மட்டும் அதில் இல்லை. அதை எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் காவலர் மெட்ரோபாலிட்டன் படையைச் சேர்ந்தவர். மைட்டர் சதுக்கமோ சிட்டி காவல்துறை என்ற வேறொரு படையின் எல்லை. போதாததற்கு, சோதித்தது தாய்வழி டிஎன்ஏ. அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொதுவாக இருக்கக்கூடியது.