சேர்மனை எடைபோட பாயின்ட்ஸ் டேபிள் போதாது

நம் ஃபுட்பால் கிளப் சனிக்கிழமை மேட்ச் தோற்றதும் "சேர்மனை முதல்ல மாத்துங்க" என்று எழுதுகிறோம், அடுத்த வாரம் மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டால் அதே ஆள் நல்லவராகிவிடுகிறார். இப்படிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. சேர்மன் எடுக்கும் ஒரு முடிவு பலன் கொடுக்க மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ ஆகும். இன்றைக்கு டேபிளில் தெரிவது அவர் எப்போதோ செய்ததன் விளைவு, இல்லாவிட்டால் அவருக்கு முன்னால் இருந்தவர் செய்தது. அதனால் எந்த சேர்மனைப் பார்த்தாலும் நான் ஒரே ஒரு கேள்வியில்தான் தொடங்குவேன்: இவர் நாளைக்கே கிளம்பிப் போய்விட்டால் கிளப் தன் காலில் நிற்குமா? இங்கிலாந்து கிளப்களை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கிளப்களின் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி வேலை முடிந்துவிடும்.

டேபிள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு லீட்ஸ் யுனைடெட்டை விட்டால் வேறு உதாரணமே தேவையில்லை. 2001 மே மாதம் பீட்டர் ரிட்ஸ்டேல் எப்படிப்பட்ட சேர்மன் என்று கேட்டிருந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும், டீம் ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போயிருந்தது. ஆனால் அதே சீசனில் லீக்கில் நான்காவது இடம்தான், அப்போது முதல் மூன்று இடங்களுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. அடுத்த வருஷம் அந்தப் பணம் வராது என்று தெரிந்த பிறகும், இனி வரப்போகும் டிக்கெட் வருமானத்தைக் காட்டி 6 கோடி பவுண்ட் கடன் வாங்கினார்கள், ஆட்டக்காரர் ராபி ஃபவ்லரை வாங்கினார்கள். டீம் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறவில்லை. 2002ல் ரியோ ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள், 2003 ஜனவரியில் ஃபவ்லரும் போனார், போன பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே கொடுத்துக்கொண்டிருந்தது. 2004ல் இங்கிலாந்தின் முதல் நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், எலண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள், 2007ல் மூன்றாம் நிலைக்கே போனார்கள். திரும்பி வர 2020 ஆனது. சேர்மன் ஆபீஸில் வாடகைக்கு வைத்த தங்கமீன்களைத்தான் இன்றும் எல்லோரும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார்கள், அது சில்லறைச் செலவு. கிளப்பைக் கவிழ்த்தது, ஜெயித்தால் மட்டுமே அடைக்க முடியும் என்ற நிலையில் வாங்கிய அந்தக் கடன்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் யார் முடிவெடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடத்தில் சேர்மனும் முதலாளியும் ஒரே ஆள், பிரைட்டனின் டோனி புளூம் மாதிரி. சில இடத்தில் சேர்மன் ஓட்டுவார், பணம் வேறு ஒருவருடையது. டேனியல் லெவி டாட்டனத்தை நடத்தினார், ஆனால் பெரும் பங்கு வைத்திருந்தது ஈனிக் என்ற கம்பெனி. முதலாளி பணம் போடாததற்குச் சேர்மனைத் திட்டுவதும், சேர்மன் தப்பான கோச்சை எடுத்ததற்கு முதலாளியைத் திட்டுவதும் ரசிகர்களிடம் தினமும் நடக்கிற குழப்பம்.

அப்புறம் கணக்கு. பிரிட்டனில் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தின் தளத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் எல்லாம் இலவசமாக வரும். கிளப் பெயரில் ஒரு கம்பெனியும், அதற்கு மேலே தாய்க் கம்பெனி ஒன்றும் இருக்கும், இரண்டையும் பாருங்கள், கடன் பெரும்பாலும் மேலே இருப்பதில்தான் ஒளிந்திருக்கும். ஐம்பது அறுபது பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை.

முதலில் மொத்த வருமானத்தையும் சம்பளச் செலவையும் எடுத்து வகுத்துப் பாருங்கள். 100 பவுண்ட் வந்தால் 60, 70 சம்பளத்துக்குப் போகிறது என்றால் மூச்சு விடலாம். இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் 100க்கு மேலேயே சம்பளம் கொடுக்கும் கிளப்கள் உண்டு, அங்கே வித்தியாசத்தை யாரோ தன் பையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அவர் யார், எதற்காகப் போடுகிறார், எப்போது நிறுத்துவார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஐந்து வருஷத்துக் கணக்கை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்ப்பேன், அப்போதுதான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று புரியும்.

அடுத்து ஆடிட்டர் எழுதிய பகுதி. கிளப் தொடர்ந்து இயங்குமா என்பதில் "கணிசமான ஐயம்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தால் அங்கேயே நின்று இரண்டு தடவை படியுங்கள். அதற்குப் பிறகு நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது: ஆண்டு முடிந்த பிறகு வாங்கிய கடன், விற்ற ஆட்டக்காரர்கள், சேர்மனின் மற்ற கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல். டைரக்டர்களில் அதிகச் சம்பளம் வாங்குகிறவருக்கு எவ்வளவு போகிறது என்பதும் கணக்கில் இருக்கும். திரும்பிப் பதிவகத் தளத்துக்கு வந்து அடமானப் பதிவுகளைப் பாருங்கள், எந்தச் சொத்தைக் காட்டி யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று தேதியோடு இருக்கும்.

மைதானம் யார் பெயரில் இருக்கிறது? என்னைக் கேட்டால் சம்பளக் கணக்கைவிட இதுதான் பெரிய சோதனை. டார்பி கவுன்ட்டி கிளப்பின் முதலாளி மெல் மோரிஸ் 2018ல் பிரைட் பார்க் மைதானத்தைக் கிளப்பிடமிருந்து தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கு சுமார் 8 கோடி பவுண்டுக்கு மாற்றினார், அந்த வருஷக் கணக்கு லாபம் காட்டியது. லாபம் என்ற அந்த ஒரு வரியை மட்டும் படித்தவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். 2021 செப்டம்பரில் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, அதாவது கடன் கட்ட முடியாமல் வெளியாள் ஒருவர் வந்து நடத்தும் நிலை. மொத்தம் 21 பாயின்ட் வெட்டு, மூன்றாம் நிலைக்கு இறக்கம். கிளப்பை வாங்க வந்தவர்களுக்கு மைதானம் தனிப் பேரமாக நின்றது. பிரைட்டன் ரசிகர்களுக்கு இந்த வலி பழையது: கோல்ட்ஸ்டோன் மைதானத்தை அன்றைய நிர்வாகம் வேறு இடம் தயார் செய்யாமலேயே விற்றது, 1997க்குப் பிறகு இரண்டு வருஷம் சொந்த ஊர் மேட்ச் பார்க்க ஜில்லிங்கம் வரை சுமார் 110 கிலோமீட்டர் போனார்கள், அப்புறம் 2011 வரை ஒரு தடகள மைதானத்தில் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதே பிரைட்டனை வைத்தே நல்ல நிர்வாகம் எப்படி இருக்கும் என்றும் காட்டலாம். 2009ல் புளூம் வந்தார், 2011ல் ஏமெக்ஸ் மைதானம் திறந்தது, 2017ல் பிரீமியர் லீக். நான் அதிகம் மதிப்பது 2022 செப்டம்பரை. கோச் கிரகாம் பாட்டரை செல்சி தூக்கிக்கொண்டு போனது, உதவிக் கோச்களும் கூடவே போனார்கள். பத்தே நாளில் ராபர்ட்டோ டி ஜெர்பி வந்தார், அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்து கிளப் முதன்முதலாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. கோச் இருக்கும்போதே அடுத்த கோச் யார் என்று யோசித்து வைத்திருக்கிற ஆபீஸால்தான் இது முடியும். ஆட்டக்காரர் விஷயத்திலும் அப்படித்தான், 2021ல் எக்வடாரிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கிய மொய்செஸ் கைசேடோவை 2023ல் செல்சிக்கு 10 கோடிக்கு மேல் விற்றார்கள். உங்கள் கிளப்பில் கோச் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: அதே பாணி ஆட்டத்துக்கு ஆள் வருகிறாரா, இல்லை ஒவ்வொரு தடவையும் டீமையே கலைத்துப்போட்டு ஆரம்பிக்கிறார்களா? ஆனால் புளூமிடமும் என் முதல் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கிளப்புக்கு அவர் கொடுத்த வட்டியில்லாக் கடன் 30 கோடி பவுண்டைத் தாண்டியது. விற்கிற காசில் அது குறைந்துகொண்டே வருகிறதா என்று வருஷா வருஷம் பார்க்கவேண்டும்.

வாங்குகிறவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். பரி கிளப்பை 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் 1 பவுண்டுக்கு வாங்கினார். கடனோடு வாங்குகிற கிளப்புக்கு அப்படித்தான் விலை இருக்கும், ஆனால் அடுத்து போட வேண்டிய பணம் அவரிடம் இருந்ததா என்பதுதான் விஷயம். 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக் பரியை வெளியேற்றியது. 1885ல் தொடங்கிய கிளப், இரண்டு தடவை எஃப்ஏ கோப்பை ஜெயித்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் சனிக்கிழமை மத்தியானத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ரசிகர்களை மதிக்கிறாரா என்பதைப் பேட்டியில் தேடாதீர்கள், செயலில் தேடுங்கள். கார்டிஃப் சிட்டியின் நீல ஜெர்சியை முதலாளி வின்சென்ட் டான் 2012ல் சிவப்பாக்கினார், திரும்பவும் நீலமாக 2015 ஆனது. டிக்கெட் விலை, வெளியூர் மேட்ச் ஏற்பாடு, ரசிகர் சங்கத்தோடு வருஷத்துக்கு எத்தனை கூட்டம், அந்தக் கூட்டக் குறிப்பை வெளியிடுகிறார்களா, இவ்வளவு போதும்.

இப்போது கஷ்டமான கேஸ், டாட்டனத்தின் லெவி. 2001லிருந்து 2025 செப்டம்பர் வரை. மைதானம்: 62,850 பேர் உட்காரும் புது ஸ்டேடியம், 2019ல் திறந்தது, அங்கே முழு மார்க். சம்பளம்: சமீப வருஷங்களில் வருமானத்தில் பாதிக்கும் குறைவு. நாளைக்கே போய்விட்டால் நிற்குமா என்றால் நிற்கும், அவர் போனபின்னும் நிற்கிறது. ஆனால் 2018 கோடையிலும் அடுத்த ஜனவரியிலும் ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை, அந்த சீசனில்தான் டீம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கப்புறம் கோச் பொச்செட்டினோவை அனுப்பிவிட்டு மொரீனியோ, நூனோ, கான்டே, போஸ்டெகோக்ளு என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத கோச்களை எடுத்தார், மொரீனியோவைக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால் நீக்கினார். 24 வருஷத்தில் இரண்டு கோப்பை. அவர் கட்டிய வீடு உறுதி, அதில் குடியிருந்த டீமை வளர்க்கும் வேலையில் அவர் தேறவில்லை என்பது என் கணக்கு. இரண்டையும் கூட்டி ஒரே மார்க் போடாதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள், அப்போதுதான் அடுத்து வருகிற சேர்மன் எதைத் திருத்தவேண்டும் என்று கேட்க முடியும்.

கடைசியாக நாள் கணக்கு. பிரிட்டனில் தனியார் கம்பெனி ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கு கொடுக்கவேண்டும், ஜூன் 30ல் ஆண்டை முடிக்கிற கிளப்புக்கு மார்ச் 31 கெடு. ஆண்டு முடியும் தேதியைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்களா என்றும் பதிவகத் தளத்திலேயே தெரியும். ஏப்ரல் முதல் வாரமும் வந்து, கணக்கு வராமல், பதிவகம் "தாமதம்" என்று போட்டிருந்தால், அந்த வாரம் டீம் எத்தனை கோல் அடித்திருந்தாலும் சரி, உங்கள் ரசிகர் சங்கம் வழியாகக் கிளப்புக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள்.