கப்பிக் கணக்கை விடைகளிலிருந்து பிடித்த வழி

காட்பாடியிலிருந்து வேலூருக்கு வந்து நீட் தேர்வுக்குப் பயின்ற காலத்தில், இயற்பியலின் 45 வினாக்களே என் நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கின. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளை முதலில் சோதிக்கப் பழகிய பின்னரே வேகம் கூடியது. எடுத்துக்காட்டாக, நிறையற்ற, உராய்வற்ற கப்பியின் இருபுறமும் இரு நிறைகள் தொங்கும்போது முடுக்கம் என்ன என்று கேட்டால், நிறைகள் சமமெனக் கொள்ளும்போது சுழியாகாத விடைகளையும், ஒரு நிறையைச் சுழியாக்கும்போது புவியீர்ப்பு முடுக்கத்தைத் தராத விடைகளையும் உடனே அடித்துவிடலாம். பெரும்பாலும் ஒன்றே எஞ்சும். கப்பிக்கும் நிறை இருந்தால் இரண்டாவது சோதனை பொருந்தாது, முதலாவது அப்போதும் பொருந்தும். பலரும் புகழும் பரிமாணச் சோதனை, அதாவது விடையின் அலகு கேட்ட அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது, எனக்கு அவ்வளவாக உதவவில்லை. நான் எழுதிப் பார்த்த மாதிரித் தாள்களில் நான்கு விடைகளும் பெரும்பாலும் ஒரே பரிமாணத்தில்தான் இருந்தன.