மின் ஸ்கூட்டருக்கு வீட்டில் சார்ஜிங் பாயின்ட்: எர்த்தில் தொடங்குங்கள்

750 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 3.3 ஆம்பியர்தான். ஏறக்குறைய ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டி அளவுதான். ஆனால் இஸ்திரி பத்து நிமிடம் ஓடும். இது விடாமல் நாலைந்து மணி நேரம் ஓடும். தளர்ந்த சாக்கெட் உருகுவது அதனால்தான்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அடுத்து மல்டிமீட்டரை (மின் அளவு பார்க்கும் கருவி) ஏ.சி. வோல்ட்டில் வைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் ஒயர்) இடையே 230 அளவில் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே. நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். பத்து, இருபது காட்டினால் எர்த் சரியில்லை, அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. அப்போது சில சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். பழியை பேட்டரி மேல் போடுவார்கள். கோடையில் எர்த் குழி காய்ந்தாலும் இப்படி ஆகும், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஏறியதும் எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி ஆறட்டும்.

நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாடியில் 1 கிலோவாட் சோலார் இருந்தால் நாளுக்குச் சுமார் 4 யூனிட் வரும். 3 யூனிட் பேட்டரி நிரம்ப அது போதும். காலை பத்துக்குப் போடுங்கள்.