நாலு நாளாய் வெளிக்குப் போகவில்லையா? ஊரில் மலமிளக்கி எடுக்குமுன்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம் ஓடி, வீட்டுப் படலையைத் திறந்ததும் அம்மம்மா கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியோ?" என்பதுதான். மூன்றாம் நாள் கேள்வி மாறும்: "என்ன மோனை, முகம் ஒரு மாதிரிக் கிடக்குது?" புட்டும் இடியப்பமும் கோழிக்கறியும் இறால் பொரியலுமாக மூன்று நாளாய் உள்ளே போனதுதான் மிச்சம், வெளியே ஒன்றும் வந்திருக்காது.

ஒருமுறை எனக்கும் இப்படித்தான். நாலாம் நாள் இரவு மாமி ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் தந்தார். ஒரு மணித்தியாலம் பார்த்தேன், அசைவில்லை. பொறுமை போய், பையிலிருந்த பிசகோடில் என்ற மலமிளக்கிக் குளிசை இரண்டைச் சுடச்சுடப் பால்தேநீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன். விடிந்தால் நயினாதீவுப் பயணம். இரவு ஒருமுறை எழும்பிப் போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். குறிகாட்டுவான் துறையில் படகு ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தது. கடலின் நடுவில் வயிறு முறுக்கத் தொடங்கியது. நாகபூசணி அம்மனைக் கும்பிடுவதற்கு முதல், மலசலகூடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடியதைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த இரவில் நான் விட்ட பிழைகள் மூன்று. ஒன்று வேலை செய்வதற்குள் இன்னொன்றை எடுத்தேன். குளிசையைப் பாலோடு எடுத்தேன். அடுத்த நாள் பயணம் இருப்பதை யோசிக்கவில்லை. மலமிளக்கியில் ஆட்கள் அகப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

முதலில், ஏன் அடைக்கிறது? விமானத்தில் காற்று வறண்டது, நாங்களும் கழிப்பறைக்கு எழும்பப் பஞ்சிப்பட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அசையப் பழகிய குடலுக்கு எது காலை என்றே தெரியாது. ஊருக்கு வந்த பிறகும் 'தண்ணி ஒத்துக்கொள்ளாது' என்ற பயத்தில் குறைவாகவே குடிப்போம், வெயிலில் அதுவும் வியர்வையாகப் போய்விடும். வீடு நிறைய ஆட்கள், ஒரே ஒரு கக்கூஸ், வெளியே யாரோ காத்திருக்கிறார்கள். வந்ததை அடக்கினால் மலம் இன்னும் இறுகும். இதோடு இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், கோடீன் கலந்த வலி மாத்திரை, சில பிரஷர் மருந்துகளும் மலத்தை இறுக்கும். பயணத்தில் வயிற்றோட்டம் வந்துவிடும் என்று பயந்து, அதை நிறுத்தும் லோபெராமைட் மருந்தை முன்கூட்டியே விழுங்குகிறவர்களும் உண்டு. பிறகு ஏன் அடைக்காது!

ஒரு நாள் போகவில்லை என்றால் அது நோயல்ல. நாளுக்கு மூன்று தடவையும் வழமைதான், கிழமைக்கு மூன்று தடவையும் வழமைதான். மலம் கல்லாகி, முக்க வேண்டிவந்து, வயிறு பாரமாக இருந்தால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும்.

இனி மருந்து. எந்தப் பார்மசியிலும் கேட்க வேண்டியது பெட்டியின் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை. கனடாவிலோ லண்டனிலோ நீங்கள் வாங்கும் பெயர் ஊரில் இருக்காது.

லக்டுலோஸ் ஒரு பாணி மருந்து, இனிக்கும். குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு 15 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு முறை. இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நேற்றுக் குடிச்சனான், ஒண்டும் நடக்கேல்லை" என்று போத்தலைத் தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். முதல் நாட்களில் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், அது தானாக அடங்கும். அதில் சிறிது சர்க்கரை வகைகள் இருப்பதால், நீரிழிவு உள்ளவர்கள் அதிக அளவில் எடுப்பதற்கு முன் டொக்டரைக் கேட்க வேண்டும்.

மக்ரோகோல் தூள் எனக்குப் பிடித்தது. பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் வேலை செய்யும், வயிற்றைப் பெரிதாக முறுக்காது. வெளிநாட்டில் பழகியவர்கள் பத்துப் பக்கற்றைப் பெட்டியோடு கையில் கொண்டுபோவது நல்லது. ஊரில் தேடித் திரியத் தேவையில்லை.

பிசகோடிலும் சென்னாவும் வேறு இனம். இவை குடலைத் தூண்டி அசைய வைக்கும். இரவு எடுத்தால் ஏறத்தாழ ஆறிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலை காட்டும், அதாவது விடியப்புறம். 5 மில்லிகிராம் பிசகோடில் ஒன்றோடு தொடங்கினால் போதும். அதன் மேல்பூச்சு குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும். கடித்தாலோ, பால், பால்தேநீர், நெஞ்செரிவு மருந்து ஆகியவற்றோடு எடுத்தாலோ இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். இவற்றுக்கும் குளிசைக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். எங்கள் வீடுகளில் படுக்கப் போகும் நேரத்தில்தானே பால்தேநீர் வருகிறது!

சென்னா என்பது எங்கள் நிலாவாரைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து, திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே உலகம் முழுவதும் போன இலை. அதனால் தமிழ்நாட்டுக்கும் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே நாட்டுமருந்துக் கடையில் 'வயிற்றைச் சுத்தம் செய்யும்' சூரணம் என்று தருவதில் நிலாவாரை இருக்கலாம். அதைக் குடித்துவிட்டு இரவு சென்னா குளிசையும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு தரம் எடுத்ததாகும். சிறுநீர் கொஞ்சம் மஞ்சளாகவோ செம்மண் நிறமாகவோ போனால் பயப்பட வேண்டாம், அது சென்னாவின் நிறம்.

இசப்கோல் உமி என்ற நார்ச்சத்து மருந்தைப் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். படுக்குமுன் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அதுவே கட்டியாகி அடைத்துவிடும். ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற வயிற்றுக்கு இது முதல் மருந்தல்ல.

ஆமணக்கெண்ணெயை நான் இனித் தொடமாட்டேன். மாமி கோபித்தாலும் சரி. எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாத வேகம் அதற்கு. கர்ப்பிணிகள் அறவே தொடக்கூடாது, கருப்பையையும் அது தூண்டும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குப் 'பேதி குடுக்கிற' பழைய வழக்கத்தையும் அன்பாக மறுத்துவிடுங்கள். பிள்ளைக்கு அடைத்தால் வைத்தியரைக் கேட்டே மருந்து.

பயணத் திட்டத்தை முதலில் பாருங்கள். நாளைக்கு நீண்ட பஸ், படகு, திருவிழாக் கூட்டம் என்றால் இன்றிரவு தூண்டும் குளிசை வேண்டாம். வீட்டில் நிற்கும் நாளுக்கு முந்திய இரவில் எடுங்கள். ஒரு மருந்துக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுங்கள், அதற்குள் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். தூண்டும் மருந்தைச் சில நாட்களுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரு கிழமையாகியும் சரிவரவில்லை என்றால் அது டொக்டரின் வேலை.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிறுநீர் போகக் கொடுக்கும் குளிசையும் பிரஷர் மருந்தும் எடுக்கிறவர்களுக்கு, அந்த வெயிலில் பேதியும் சேர்ந்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் இறங்கும், தலைசுற்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மக்னீசியம் கலந்த மருந்தைத் தாமாக எடுக்கக் கூடாது. சோடியம் பொஸ்பேற் என்ற மலமிளக்கியும் அப்படித்தான். 24 மணித்தியாலத்தில் ஒரு தடவைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014இல் எச்சரித்தது. இன்னொன்று: பல நாள் அடைத்துக் கிடந்த முதியவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றோட்டமாக இல்லாமலும் இருக்கலாம். இறுகிய மலத்தைச் சுற்றி ஒழுகுவதும் அப்படியே தெரியும். அதை நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

மருந்து கூடி வயிற்றால் அடித்தால் மலமிளக்கியை உடனே நிறுத்தி, ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் பக்கற்றை அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கடும் வயிற்றோட்டம் ஒரு நாள் நீடித்தால் கருத்தடைக் குளிசை போன்றவையும் சரியாக உடலில் சேராது.

சாப்பாடு பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது! பப்பாசிப்பழம், கொய்யா, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள்தான் கொத்துரொட்டிக் கடை வாசலில் நிற்கிறோம். காலைத் தேநீருக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் இருங்கள். குந்தியிருக்கும் கக்கூஸ் முழங்காலுக்குக் கஷ்டம் என்றாலும் குடலுக்கு வசதி. கொமட்டில் இருப்பவர்கள் காலுக்கடியில் சின்னப் பலகை ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வயிறு ஊதிக் கடுமையாக வலித்து, சத்தி வந்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் எந்த மலமிளக்கியும் கூடாது. குடல் அடைத்திருக்கலாம், மருந்து அதை மேலும் கெடுக்கும். மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரும்புக் குளிசை எடுக்காமலே தார் போன்ற கறுப்பு மலம் என்றாலும் ஆஸ்பத்திரிதான். இலங்கையில் 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், தமிழ்நாட்டில் 108. போகும்போது நீங்கள் எடுத்த குளிசைகளின் பெட்டிகளையும், மாமி தந்த எண்ணெய்ப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.